திருகோணமலைக்கு ஒரு பேஸ் கிற்றாரை எடுக்கப் போன கதை

ஜூலை 10, வியாழன்

சித்தப்பா போன மாதம் போன் எடுத்தார். சுகம்கூட விசாரிக்கவில்லை. "என்ர பேஸ வந்து எடுத்துக்கொண்டு போ. இஞ்ச உப்புக்காத்து அதைத் தின்னுது" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். எனக்கு ஒரு வாத்தியமும் வாசிக்கத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். அவருடைய பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். அது அக்காவின் மகனுக்குத்தான் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு அவனையும் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன். அவனுக்குப் பதினேழு வயது. மடிக்கணினியில் தாளம் செய்கிறான். அதைத் தாளம் என்று சொன்னால் கோபம் வரும், பீட் என்று சொல்ல வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் காலை ஏழு மணிக்கு ஏறிய பஸ்ஸில் எங்களுக்குக் கிடைத்த இருக்கை சரியாக ஸ்பீக்கருக்குக் கீழே. வவுனியா வரைக்கும் இளையராஜா. அதுவரை ஒன்றும் குறையில்லை. வவுனியாவில் சாரதி வேறொரு பென் டிரைவைச் செருகினார். அதற்குப் பிறகு ஹொரவப்பொத்தானை தாண்டும் வரை பைலா என்கிற சிங்கள ஆட்டப்பாட்டு, இடைவெளி இல்லாத பைலா. முன் இருக்கை அம்மா சேலைத் தலைப்பால் காதைப் பொத்திக்கொண்டு நித்திரை கொண்டார். மருமகனோ தன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு முழங்காலில் தட்டத் தொடங்கினான்.

"மாமா, எல்லாப் பாட்டும் ஒரே பாட்டு மாதிரித்தானே இருக்கு?"

"ஒரே தாளம். ஆறு எண்ணு, தெரியும்."

எண்ணினான். ஒன்று இரண்டு மூன்று, நாலு ஐந்து ஆறு. முகம் மலர்ந்தது. போர்த்துக்கேயர் காலத்துக் கஃபிரிஞ்ஞா ஆட்டத்திலிருந்து வந்த நடை அது. அவர்களோடு வந்த ஆபிரிக்கர்களின் தாளமும் அதற்குள் இருக்கிறது. போன நூற்றாண்டில் வொலி பஸ்தியான்ஸ் என்ற பொலிஸ்காரர் அதைச் சிங்களப் பாட்டாக்கி மேடையேற்றினார். எங்கள் பக்கத்தில் உரும்பிராய் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் கிற்றாரை எடுத்துக்கொண்டு வந்தபோது, எல்விஸும் பீற்றில்ஸும் கேட்ட காதும் பைலாவுக்கு ஆடிய காலும் அவர்களிடம் ஒன்றாக இருந்தன. நாங்கள் துள்ளிசை என்றும் பொப் என்றும் சொல்வது அந்தக் கலவையைத்தான். மனோகரனின் 'சுராங்கனி' கடல் தாண்டிப் போய், 1977இல் இளையராஜா இசையமைத்த ஒரு படத்திலும் ஏறிவிட்டது. இதையெல்லாம் அவனுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஸ் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பியது. ஸ்பீக்கரின் ஒரு பக்கம் செத்துப்போனது. முன் இருக்கை அம்மா கண்ணைத் திறந்து "கடவுள் இருக்கிறார்" என்றார்.

திருகோணமலையில் இறங்கியபோது இரண்டு மணி. கச்சான் காற்று அடுப்பு வாயில் நிற்பதுபோல் அடித்தது. யாழ்ப்பாணத்துச் சோளகக் காற்றில் கொஞ்சமாவது ஈரம் இருக்கும், இதில் அதுவும் இல்லை. இந்த ஊரில் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர், கொறிக்கிற கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். இரண்டும் வறுத்ததுதான் என்று ஓட்டோக்காரர் சொன்னார். பஸ் நிலையத்திலிருந்து அறை வரை 400 ரூபாய் கேட்டார். பேரம் பேசத் தெம்பில்லை.

இரவு கொத்துரொட்டிக் கடை. மருமகன் கோழிக்கொத்து என்ற கனவோடு வந்தவன். "தம்பி, இண்டைக்குப் போயா. முட்டை மட்டும்தான்" என்றார் கடைக்காரர். பௌர்ணமி நாளில் இறைச்சி இல்லை. முட்டைக்கொத்து 700 ரூபாய், இரண்டு பேருக்குத் தாராளம். கல்லுக்கு முன்னால் நின்றவர் மெலிந்த ஆள். பெனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. இரண்டு கையிலும் பிடிவைத்த தகடு. முதலில் சும்மா வெட்டினார். வெங்காயமும் கறிமிளகாயும் வதங்கி முட்டை உடைந்து விழுந்ததும் நடை மாறியது. வலக்கைத் தகடு கல்லில் கனமாக ஒரு முறை, இடக்கைத் தகடு இலேசாக இரண்டு முறை. திரும்ப அதே. ரொட்டியை வெட்டுவதற்கு அந்த இரண்டாவது இலேசான தட்டு தேவையே இல்லை, அது ஒன்றையும் வெட்டவில்லை. மருமகன் போனை நீட்டி ஒலிப்பதிவு செய்தான். "ஆறு, மாமா!" என்று என் காதில் கத்தினான்.

எங்கே பழகினீர்கள் என்று அவரிடம் கேட்டேன். "இதையெல்லாம் பழகிறதா? கை தன்பாட்டில போகுது" என்றார். பைலா கேட்பீர்களா என்றேன். தனக்குப் பாட்டுக் கேட்கிற பழக்கமே இல்லையாம்.

ஜூலை 11, வெள்ளி

காலை கோணேசர் கோயில். கோட்டை வாசலுக்குள் நுழைந்ததும் மான்கள், ஆட்களைக் கண்டு ஒதுங்காத மான்கள். வழியில் 100 ரூபாய்க்குக் கச்சான் சுருள் ஒன்று வாங்கியிருந்தேன். இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கடலைப் பார்த்துவிட்டு இறங்கும்போது ஒரு மான் பின்னால் வந்து சுருளைக் கையோடு இழுத்தது. கச்சான் கீழே சிந்தியது, அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. கடதாசியை மட்டும் நின்று நிதானமாகச் சப்பியது. யாரோ பிள்ளையின் கணக்குக் கொப்பி அது. பக்கத்தில் பூ விற்ற அம்மா "அதுக்குக் கணக்கு விருப்பம்" என்றார், சிரிக்காமல்.

பத்து மணிக்கு உவர்மலையில் சித்தப்பா வீடு. எழுபத்திரண்டு வயது. சாரம், வெறும் மேல், கழுத்தில் மூக்குக் கண்ணாடி. வாசலில் நின்றபடியே மருமகனின் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார். "நீளம் காணும்" என்றார். அதுதான் வரவேற்பு.

பேஸ் மேசையில் கிடந்தது. வயலின் வடிவம், தேன் நிறம், ஓரத்தில் வார்னிஷ் மீன் செதில்போல் உரிந்திருந்தது. ஜப்பானில் செய்த நகல். அசல் ஜெர்மனியின் ஹொஃப்னர். பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னி 1961இல் ஹம்பர்க்கில் வாங்கியது அந்த வகையைத்தான். இடக்கைக்காரர் திருப்பிப் பிடித்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருப்பதால் கோணலாகத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. அந்தக் கிற்றார் 1972இல் லண்டனில் வான் ஒன்றிலிருந்து களவு போய், ஐம்பது வருசத்துக்கு மேல் கழித்து அவரிடமே திரும்பியது. 2024 பெப்ரவரியில் அந்தச் செய்தி வந்த அன்று சித்தப்பா கனடாவில் இருக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் இரவு இரண்டு மணிக்குப் போன் எடுத்தாராம். யாரோ செத்துவிட்டார்கள் என்று அவர்கள் பயந்துபோனதைச் சித்தி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு கம்பி அவித்தோம். ஆம், அவித்தோம். பழைய பேஸ் கம்பியின் சுருளுக்குள் வியர்வையும் எண்ணெயும் அடைந்து ஒலி மந்தமாகிவிடும். கழற்றிக் கொதி தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் அழுக்கு கழன்று, கொஞ்ச நாளைக்கு மணிபோல் கேட்கும். புதுக் கம்பி கொழும்பிலிருந்து வர வேண்டிய காலத்தில் ஊர் வாத்தியக்காரர்கள் எல்லாரும் செய்தது இதுதான். சித்தப்பா நாலு கம்பியையும் வளையமாகச் சுற்றி இடியப்பச் சட்டிக்குள் விட்டார். தண்ணீர் மெல்ல மெல்லத் தேத்தண்ணி நிறமானது. சித்தி குசினி வாசலில் இடுப்பில் கை வைத்தபடி நின்றார். "நாப்பது வருசத்துக்கு முதல் இதே சட்டியாலதான் எங்களுக்குள்ள முதல் சண்டை" என்று என்னிடம் சொன்னார். மத்தியானம் இடியப்பம் இல்லை. சோறு, பாரைமீன் குழம்பு, கணவாய்ப் பிரட்டல், முருங்கையிலைச் சுண்டல். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

கம்பி காயும்வரை கதை. திருகோணமலையில் பொப் பாட்டுக்குக் குறைவில்லை, எம். பி. பரமேஸ் - கோணேஸ் சகோதரர்கள் இந்த ஊர்க்காரர்கள்தானே என்று பெருமையாக ஆரம்பித்தார். சித்தப்பாவின் குழு 1970களில் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்களில் உல்லாசப் பயணிகளுக்கு வாசித்தது. நாலு பேர். இரண்டு பேர் தமிழ், ஒருவர் பறங்கியர், டிரம்ஸ் வாசித்தவர் சிங்களவர். யாருக்கும் நொட்டேஷன் தெரியாது. இலங்கை வானொலியையும் ஹோட்டல் மனேஜரின் ரெக்கோர்ட் பிளேயரையும் காதால் கேட்டுப் பிடித்ததுதான்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விசயம் வந்தது. சின்ன ஸ்பீக்கரில் பேஸ் சரியாகக் கேட்காது, அடித்தொண்டை முனகலாகத்தான் இருக்கும். அதனால் நிமிடத்துக்கு 33 சுற்றுச் சுற்ற வேண்டிய இசைத்தட்டை 45 சுற்றில் ஓடவிடுவார்களாம். பாடகி எலிபோலக் கீச்சிடுவாள், ஆனால் பேஸ் மேலே ஏறித் தெளிந்துவிடும். அப்படி ஏறுகிற அளவு கிட்டத்தட்ட ஐந்து அரைச்சுரம். நம் கணக்கில் ச இருந்த இடத்துக்குச் சுத்த மத்தியமம் வருகிறது. பேஸ் கிற்றாரில் ஒரு கம்பிக்கும் அடுத்த கம்பிக்கும் உள்ள தூரமும் அதே ச - ம தான். ஆகவே கீச்சுக்குரலில் கேட்டுப் பழகியதை அப்படியே ஒரு கம்பி கீழ்ச்சுருதிக்குத் தள்ளிப் பிடித்தால் அசல் சுருதி கையில். சித்தப்பா இதைச் சொல்லிவிட்டுப் பரீட்சையில் பிட் அடித்ததை ஒப்புக்கொள்பவர்போல் சிரித்தார்.

"ஒரு ஆள்தான் என்னைப் படுத்தினது" என்றார் பிறகு. "அமெரிக்கக் கறுப்பு ஆக்களின்ர பாட்டு வரும். பாடுறவர் வேற வேற ஆள். பேஸ் மட்டும் ஒரே கை. எனக்கு அது விளங்கீட்டுது. ஆனா மட்டையில பேர் இல்லை."

பேர் இல்லாததில் ஆச்சரியமில்லை. டெட்ராய்ட்டில் ஒரு வீட்டுக்குள் இருந்த மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஸ்டூடியோவில் வாசித்தவர்களின் பெயரை அந்த நிறுவனம் அந்த நாட்களில் அச்சிடுவதில்லை. வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். வலக்கையின் ஒரே ஒரு விரலால் வாசித்தவர். மார்வின் கேயின் 1971 அல்பத்தில்தான் அவர் பெயர் முதன்முதலாக மட்டையில் வந்தது. அதற்குள் உலகத்தில் பாதிப் பேர் அவரைப்போல் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். மக்கார்ட்னியே அவரைத் தன் ஆதர்சம் என்று பலமுறை சொல்லியிருக்கிறார். 1983 ஓகஸ்டில் ஜேமர்சன் இறந்தார். அதற்குச் சில நாள் முன் அவருடைய கிற்றாரும் களவு போனது. அது திரும்பி வரவேயில்லை.

சித்தப்பாவுக்கு இதெல்லாம் தெரிந்தது ஐந்து வருசத்துக்கு முன், மகள் வாங்கிக்கொடுத்த டெப்லெட்டில். "அம்பது வருசமா ஒருத்தன்ர விரலைக் கொப்பியடிச்சிருக்கிறன். அவன்ர பேரை எழுபது வயசுக்குக் கிட்டத்தான் அறியிறன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "83 எண்டு போட்டிருந்தது. நாங்களும் அந்த ஆடியோடதான் விட்டது."

அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கம்பி பூட்டியதும் மருமகன் தன் திறமையைக் காட்ட ஆசைப்பட்டான். போனில் ஒரு பாட்டைப் போட்டான். மாயா அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ. என்றால் உலகத்துக்கே தெரியும், அவருடைய 2007ஆம் ஆண்டுப் பாட்டு. "எங்கட ஆள், தாத்தா" என்றான். தொடக்கத்து மெட்டு நாலு தரம் ஓடுவதற்குள் சித்தப்பா பேஸில் அதனோடு கூடவே போய்க்கொண்டிருந்தார். பையனுக்கு வாய் மூடவில்லை.

"இது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"இது பழைய பாட்டடா. இங்கிலீஸ் பெடியன் ஒருத்தன் கசற்றை அறையில விட்டிட்டுப் போனவன்."

அவர் சொன்னதுதான் சரி. அந்த மெட்டு 1982இல் தி கிளாஷ் என்ற லண்டன் ரொக் குழு போட்ட பாட்டிலிருந்து எடுத்துத் துண்டாகச் சுழலவிட்டது. பங்க் குழு ஒன்றின் மெட்டைப் பெயர்த்து ஒரு ஈழத்துப் பெண் ஹிப்ஹொப் செய்ய, அதைக் கேட்டு வளர்ந்தவன் அது தன் தலைமுறைச் சொத்து என்று நினைக்கிறான். அதே அல்பத்தில் உறுமி மேளத்தை வைத்துச் செய்த பாட்டுகளும் இருக்கின்றன. என்னைக் கேட்டால் கிளாஷ் மெட்டைவிட அந்த உறுமிதான் அவருடைய பெரிய வேலை. மருமகன் ஒத்துக்கொள்ளவில்லை. சித்தப்பா எங்கள் இருவரையும் பொருட்படுத்தாமல் வாசித்துக்கொண்டே இருந்தார். விரல் நுனி சிவந்து வீங்கியபோது சித்தி வந்து கிற்றாரைப் பிடுங்கினார்.

ஜூலை 12, சனி

உப்புவெளிக் கடற்கரை. வெயில் ஒன்பது மணிக்கே மண்ணைச் சுட்டது, செருப்பில்லாமல் பத்து அடி வைக்க முடியவில்லை. கொட்டில் கடைகளில் மூன்றில் ஒன்றுக்குப் பொப் மார்லி படம். 1981இல் செத்த மனிதர், இந்தக் கரையில் எந்த வேட்பாளரையும்விட அதிக இடத்தில் தொங்குகிறார். தேசிக்காய்த் தண்ணி 700 ரூபாய் என்றார்கள். முந்தநாள் முட்டைக்கொத்தின் விலை. நாங்கள் தமிழில் கதைத்ததும் 400க்கு இறங்கியது. அதைக் கொண்டுவந்து வைத்த பெடியன் "சொறி அண்ணை, முகத்தைப் பார்த்து வெளிநாடு எண்டு நினைச்சிட்டன்" என்றான். மருமகன் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டான்.

அந்தக் கடையில் 'பாபிலோன்' போனது. பொனி எம் 1978இல் பாடிய பாட்டு. சித்தப்பா நிலாவெளியில் ஒரே இரவில் மூன்று தரம் வாசித்திருக்கிறாராம். அது அவர்களுடைய பாட்டும் அல்ல, ஜமேக்காவின் மெலோடியன்ஸ் 1970இல் பாடியது. சொற்களோ விவிலியத்துச் சங்கீதம், நாடு இழந்து ஆற்றங்கரையில் இருந்து அழுதவர்களின் பாட்டு. ஜெர்மன் தயாரிப்பாளர் ஒருவர் அதை டிஸ்கோவாக்க, அதற்கு உல்லாசப் பயணிகள் இந்தக் கரையில் ஆடினார்கள். இடம்பெயர்ந்து போகப்போகிற ஊரில் நின்றுதான் சித்தப்பா அதை வாசித்திருக்கிறார், அது அவருக்கு அப்போது தெரியாது. எனக்குத் தேசிக்காய்த் தண்ணி கொஞ்சம் கசந்தது. விதையைக் கடித்துவிட்டேன் போல.

வடக்கே நடந்தால் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள், ஒரு பக்கம் பன்னிரண்டு பேர். அம்பாப் பாட்டுக் கேட்கலாம் என்று ஆசையாகப் போனேன். யாரும் பாடவில்லை. கடைசியில் நின்றவரின் இடுப்பில் பொலித்தீன் பையில் கட்டிய போன் தொங்கியது, அதில் ஏதோ புதுப்படக் குத்துப்பாட்டு. ஆனால் இழுக்கிற கால்கள் அந்தப் பாட்டோடு போகவில்லை. அவை பழைய நடையில் கனமாக, பாட்டைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தன. மருமகனும் அதைக் கவனித்தான், ஆனால் ஒலிப்பதிவு செய்யவில்லை. பதிலாகக் கயிற்றில் கை வைத்தான். பத்து நிமிடத்தில் உள்ளங்கை கொப்பளித்தது. அவர்கள் சிரித்து, கை நிறையச் சூடை மீன் கொடுத்து அனுப்பினார்கள். அறைக்குக் கொண்டுபோக முடியாமல் ஓட்டோக்காரரிடம் கொடுத்தோம். அவர் அன்றைக்கு 300தான் எடுத்தார்.

ஜூலை 13, ஞாயிறு

சித்தப்பா பஸ் நிலையத்துக்கு வரவில்லை. கிற்றாரைப் பையில் வைத்துச் சிப்பை இழுத்தார், பாதியில் சிக்கியது. சித்தி ஒரு பழைய பாவாடை நாடாவால் கட்டிக்கொடுத்தார். "நனைய விடாதை" என்றார் சித்தப்பா. இந்தக் கச்சானில் எங்கே நனைவது!

கொண்டக்டர் கிற்றாருக்கும் டிக்கெட் போட்டார், 500 ரூபாய். வாக்குவாதப்பட்டேன். "ஒரு ஆள் இருக்கிற இடத்தை அது பிடிக்குதே ஐயா" என்றார். உண்மைதான். யன்னல் பக்கத்தில் அது இருந்தது, நடுவில் மருமகன், ஓரத்தில் நான் பாதி வெளியே. ஆறு மணித்தியாலம். இடுப்பு இன்னும் நோகிறது.

வீட்டில் பையின் முன் பொக்கற்றுக்குள் நாலாக மடித்த கடதாசி ஒன்று கிடந்தது. நீல மை, சித்தப்பாவின் கையெழுத்து, ஹோட்டலில் வாசித்த பாட்டுகளின் வரிசை, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் சுருதி. பாடியவர் பெயர் ஒன்றுக்கும் இல்லை. சின்ன மாமி – ஜி. பாபிலோன் – டி. ஜெர்மன் அம்மா கேட்கிறது – ஏ மைனர். மனேஜர் போன பிறகு – சி. பன்னிரண்டாவதாக, அடிக்கோடு போட்டு: கறுப்புக் கண்ணாடிக்காரன் – ஈ.

யார் இந்தக் கறுப்புக் கண்ணாடிக்காரன்? ஸ்டீவி வொண்டர் என்றேன் நான். ரே சார்ள்ஸாகவும் இருக்கலாம் என்றான் மருமகன், ரோய் ஓர்பிசன் என்று இன்னொரு பெயரையும் போனில் தேடிச் சொன்னான். கடைசியில் சித்தப்பாவுக்கே எடுத்தோம்.

"ஆர் பாடினதெண்டு மறந்துபோச்சு" என்றார். "பாட்டும் மறந்துபோச்சு. பேஸ் மட்டும் இப்பிடிப் போகும்."

போனில் வாயால் வாசித்தார். டும், டுடும், டும். மருமகன் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, கொப்பளித்த கையோடு மேல் கம்பியில் தேடிக்கொண்டிருந்தான். நாலாவது சுரம் பிழை என்று அங்கிருந்து கத்தினார். திரும்ப முதலிலிருந்து. சித்தி பின்னால் நின்று "மணி பத்தரை" என்று சொல்வதும் கேட்டது.